ஆன்லைன் வகுப்பில் 64 கறுப்புக் கட்டங்கள்: எந்தக் கருவி உதவும்?

எழுதியவர்: புள்ளிவாத்தியார்

வணக்கம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் எடுக்கிறேன். வாரத்துக்கு மூன்று வகுப்பு, மூன்றும் ஆன்லைனில்தான். பட்டியலில் 64 பேர். வகுப்பு தொடங்கியதும் திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள், நடுவில் என் முகம் மட்டும் வெளிச்சமாக. "புரிகிறதா?" என்று கேட்டால் கிணற்றில் போட்ட கல்தான். கொஞ்ச நேரம் கழித்து அரட்டைப் பெட்டியில் இரண்டு பேர் "யெஸ் சார்" என்று போடுவார்கள். எப்போதும் அதே இரண்டு பேர்.

நானும் சும்மா இருக்கவில்லை. போன செமஸ்டரில் வாக்கெடுப்புக்கு ஒரு செயலி, வினாடி வினாவுக்கு ஒன்று, ஒட்டுத்தாள் சுவர் ஒன்று, கூட்டாக எழுத வெண்பலகை ஒன்று என்று நான்கைக் கொண்டுவந்தேன். நான்குக்கும் நான்கு லிங்க், நான்கு கடவுச்சொல். ஒரு நாள் 50 நிமிட வகுப்பில் 22 நிமிடம் "சார், ஓப்பன் ஆகவில்லை" என்பதிலேயே போய்விட்டது. இன்னொரு நாள் யாரோ ஒருவர் வெண்பலகையில் இருந்த எல்லாவற்றையும் தெரியாமல் தேர்வு செய்து அழித்துவிட்டார். அதற்கு மட்டும் அரட்டைப் பெட்டியில் 30 சிரிப்பு பொம்மைகள் வந்தன.

கடைசியில் தேர்வு. சராசரி, இடைநிலை எல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் சராசரியின் திட்டப்பிழை (மாதிரிக்கு மாதிரி சராசரி எவ்வளவு மாறும் என்பதன் அளவு) கேட்ட இடத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் திட்டவிலக்கத்தை மாதிரியின் அளவால் அப்படியே வகுத்துவிட்டார்கள். அந்த அளவின் வர்க்கமூலத்தால்தான் வகுக்க வேண்டும், அதை எடுக்கவேயில்லை. அதை நான் மூன்று வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். மூன்றிலும் "யெஸ் சார்" வந்தது.

இப்போது புதிய செமஸ்டர். கேட்க வேண்டியது மூன்று. நேரலை வகுப்பில் யாருக்குப் புரிகிறது, யாருக்குப் புரியவில்லை என்பதை எப்படிப் பார்ப்பது? பதிவு செய்து போடும் 50 நிமிட வீடியோவை யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை, அதை என்ன செய்வது? மூன்றாவது, ஒப்படைப்புகள் எல்லாம் ஒரே குரலில் வருகின்றன. ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளைப் போடச் சொல்கிறார் உடன் வேலை பார்க்கும் ஒருவர். போடலாமா?

புதிதாக எதையும் கற்றுக்கொள்ள எனக்குச் சோம்பல் இல்லை. தயவுசெய்து "மாணவர் ஈடுபாட்டை அதிகரியுங்கள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தப் பயிலரங்கில் மூன்று முறை உட்கார்ந்தாகிவிட்டது.

பதில் 1: ஊசல்குண்டு

சார், நான் இயற்பியல் எடுக்கிறவள். கறுப்புக் கட்டங்கள் எனக்கும் உண்டு, என்ன, 80 கட்டம்.

உங்கள் பதிவில் அந்த வர்க்கமூலத்தைப் படித்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். உங்களுக்கு ஐந்தாவது செயலி வேண்டாம். அந்தத் தப்பையே கேள்வியாக்குங்கள்.

"புரிகிறதா?" என்பது யாராலும் உண்மையாகப் பதில் சொல்ல முடியாத கேள்வி. புரியாதவருக்குத் தனக்குப் புரியவில்லை என்பதே பாதி நேரம் தெரியாது. அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: "மாதிரியின் அளவு 10-லிருந்து 40 ஆனால் சராசரியின் திட்டப்பிழை என்னவாகும்?" விடைகளாக நான்கில் ஒன்று, பாதி, மாறாது, இரு மடங்கு என்று நான்கைக் கொடுங்கள். "நான்கில் ஒன்று" என்பது நீங்கள் கற்பனையில் தயாரித்த தப்பு விடை இல்லை, உங்கள் விடைத்தாள்களிலிருந்தே வந்தது. பழைய விடைத்தாள் கட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்தக் கருவியும் கொடுக்காத கேள்வி வங்கி அது.

வாக்கெடுப்புக்குத் தனிச் செயலி எதற்கு? நீங்கள் வகுப்பு நடத்தும் மென்பொருளுக்குள்ளேயே அநேகமாக அந்த வசதி இருக்கும். புது லிங்க் இல்லை, புது கடவுச்சொல் இல்லை. ஒரே நிபந்தனை: முதல் வாக்கின் முடிவை அவர்களுக்குக் காட்டாதீர்கள். உயரமான பட்டையைப் பார்த்துவிட்டால் அப்புறம் எல்லோரும் அந்தப் பக்கம்தான் சாய்வார்கள்.

முடிவை நீங்கள் மட்டும் பாருங்கள். சரியான விடை போட்டவர்கள் 30 சதவீதத்துக்கும் கீழே என்றால் பாடத்தைத் திரும்ப எடுக்க வேண்டும், விவாதித்துப் பயனில்லை. 70-க்கு மேல் என்றால் இரண்டு வரி விளக்கிவிட்டு நகர்ந்துவிடலாம். இரண்டுக்கும் நடுவில் விழுந்தால்தான் விருந்து. மூன்று நான்கு பேராகப் பிரித்து அனுப்பி, பக்கத்தில் இருப்பவரைத் தன் விடைக்கு இழுக்கச் சொல்லி, நான்கு நிமிடம் கழித்து அதே கேள்விக்கு மறுவாக்கு. இது என் சரக்கு இல்லை. ஹார்வர்டில் எரிக் மசூர் 1990-களில் தன் இயற்பியல் வகுப்பில் கொண்டுவந்த முறை. அப்போது இதற்கெல்லாம் இணையமே தேவைப்படவில்லை, கை விரலைக் காட்டினாலே போதும்.

ஆன்லைனில் வரும் சிக்கல் அடுத்தது. 16 அறைகளாகப் பிரித்து அனுப்பிவிட்டால் உள்ளே பேசுகிறார்களா, ஆளுக்கொரு பக்கம் கைப்பேசியைப் பார்க்கிறார்களா என்று தெரியாது. ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்தால், நீங்கள் நுழைந்த நொடியே பேச்சு நின்றுவிடும். அதற்கு நான் செய்வது: எல்லோரும் எழுதக்கூடிய ஒரே ஒரு பகிர்வு ஸ்லைடுக் கோப்பு, குழுவுக்கு ஒரு ஸ்லைடு. அறை எண்ணும் ஸ்லைடு எண்ணும் ஒன்று. ஒவ்வொரு ஸ்லைடிலும் மூன்றே வரிகள் முன்பே இருக்கும்: "எங்கள் விடை", "ஏனென்றால்", "எங்களுக்குள் ஒத்துவராத இடம்". நான் கட்டக் காட்சியில் வைத்துக்கொண்டு 16 ஸ்லைடிலும் எழுத்து ஊர்வதை ஒரே திரையில் பார்ப்பேன். இரண்டு நிமிடம் ஆகியும் 9-ம் ஸ்லைடு காலியாக இருந்தால் 9-ம் அறைக்கு மட்டும் போவேன். மூன்றாவது வரியைத்தான் முதலில் படிப்பேன். தங்கம் அங்கேதான் கிடக்கும்.

உங்கள் வெண்பலகைக்கு வந்த கதி இதற்கும் வரலாம். அந்த மூன்று வரிகளைப் படமாக்கி ஸ்லைடின் பின்னணியாக வைத்துவிடுங்கள், யாராலும் தெரியாமல் அழிக்க முடியாது. அவர்கள் எழுதியது போய்விட்டாலும் பதிப்பு வரலாற்றிலிருந்து மீட்டுவிடலாம்.

மறுவாக்கு முடிந்ததும் விடையைச் சொல்லிவிடாதீர்கள், உருட்டிக் காட்டுங்கள். ஒவ்வொருவரும் தன் கைப்பேசியில் 10 பகடையை உருட்டி, சராசரியை ஒரு படிவத்தில் போடட்டும். அப்புறம் 40 பகடை, அதன் சராசரி. படிவத்தின் விடைகள் விரிதாளுக்கு வரும், அங்கே இரண்டு நிகழ்வெண் செவ்வகப் படங்கள். ஒரு பகடையின் திட்டவிலக்கம் சுமார் 1.71. அதனால் 10 பகடையின் சராசரிக்குத் திட்டப்பிழை 0.54, 40 பகடைக்கு 0.27. முதல் படம் கிட்டத்தட்ட 2.4-லிருந்து 4.6 வரை பரந்திருக்கும், இரண்டாவது ஏறக்குறைய 3-க்கும் 4-க்கும் நடுவில் ஒடுங்கிவிடும். பாதி என்பது கண்ணுக்கே தெரியும்.

இதில் நான் இரண்டு முறை விழுந்திருக்கிறேன், நீங்கள் விழ வேண்டாம். பகிர்வு விரிதாளிலேயே ரேண்டம் எண் சூத்திரத்தைப் போட்டு உருட்டச் சொன்னேன். யார் எந்தக் கட்டத்தில் தட்டினாலும் எல்லோருடைய எண்ணும் மாறிக்கொண்டே இருந்தது; அந்தச் சூத்திரத்தின் குணமே அதுதான். அதனால்தான் படிவம் என்கிறேன். இரண்டாவது, இரு படங்களுக்கும் கீழ் அச்சை 1 முதல் 6 வரை என்று நீங்களே நிறுத்துங்கள். தானாக விட்டால் இரண்டையும் அகல நீட்டிக் காட்டிவிடும், சுருங்கியதே தெரியாது. அன்று நான் "பாருங்கள், ஒடுங்கிவிட்டது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திரையில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி நின்றன.

பதில் 2: கறார் பேர்வழி

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு கேள்விக்கு வாக்கு, அறை, மறுவாக்கு, பகடை என்று 25 நிமிடம் போனால் பாடத்திட்டத்தை எப்போது முடிப்பது? என் மாணவர்களே "சார், நீங்கள் நடத்துங்கள், அதுதான் புரிகிறது" என்கிறார்கள்.

பதில் 3: ஊசல்குண்டு

நியாயமான கேள்வி. வாரத்துக்கு ஒரு கேள்விக்கு மேல் நானும் இப்படிச் செய்வதில்லை. தேர்வில் பாதிப் பேர் விழும் இடத்துக்கு மட்டும்தான்.

"நடத்தினால்தான் புரிகிறது" என்பதைப் பற்றி ஒன்று. ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2019-ல் வந்தது. தாங்களே போராடிக் கற்ற வகுப்பில் குறைவாகக் கற்றதாகவும், சரளமான விரிவுரையில் நிறையக் கற்றதாகவும் மாணவர்கள் சொன்னார்கள். சோதித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ். நன்றாகப் பேசுகிற வாத்தியாருக்கு இது கொஞ்சம் கசக்கும். எனக்குக் கசந்தது.

பதில் 4: மூடில்காரன்

நான் ஆசிரியர் இல்லை, பாடங்களையும் தேர்வுகளையும் போட்டு வைக்கும் கல்லூரியின் மூடில் தளத்தைப் பராமரிக்கிறவன். ஆசிரியர்கள் வெளியே போய்த் தேடுகிற பல விஷயங்கள் உள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கின்றன என்பதால் எழுதுகிறேன்.

வீடியோவுக்கு வருவோம். இணையவழிப் பாடங்கள் தரும் எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் வீடியோ பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014-ல் ஒரு கட்டுரை வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் பார்க்கும் இடைநிலை நேரம் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. உடனே 50 நிமிடத்தை எட்டுத் துண்டாகக் கத்தரிக்காதீர்கள், அது எட்டுத் துண்டான 50 நிமிடம், அவ்வளவுதான். ஒரு துண்டுக்கு ஒரு கேள்வி என்று வைத்துப் புதிதாகப் பதிவு செய்யுங்கள். எச்5பி என்ற வசதி மூடில் 3.9 பதிப்பிலிருந்து உள்ளேயே செயல்பாடாக இருக்கிறது. அதில் வீடியோவை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம், முன்னே தள்ளி ஓட்டுவதையும் தடுக்கலாம். பெரும்பாலோர் விளக்கத்துக்குப் பிறகு கேள்வியை வைக்கிறார்கள். விளக்கத்துக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். தப்பாக ஊகித்தவர் மீதியை விடையைத் தேடிக்கொண்டு பார்ப்பார்.

மன்றத்தில் "கேள்வி-பதில்" என்று ஒரு வகை உண்டு. தன் பதிலைப் போட்ட பிறகுதான் மற்றவர்கள் எழுதியது தெரியும். சாதாரண அமைப்பில் பதில் போட்டு அரை மணி நேரம், அதாவது திருத்தும் அவகாசம் முடியும்வரை, பொறுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் "தளம் பழுது" என்று எனக்குப் புகார் வரும்.

வினாடி வினா முடிந்ததும் புள்ளிவிவரப் பக்கத்தை எத்தனை ஆசிரியர்கள் திறக்கிறார்கள் என்று பார்த்தால், நீங்கள் புள்ளியியல்காரர், உங்களுக்கே வருத்தமாக இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் அது எவ்வளவு எளிது என்று ஒரு எண்ணும், நன்றாகச் செய்தவரையும் தடுமாறியவரையும் எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்று ஒரு எண்ணும் இருக்கும். இரண்டாவது எண் எதிர்மறையாக வந்தால், மற்ற கேள்விகளில் நன்றாகச் செய்தவர்கள் இதில் விழுந்திருக்கிறார்கள் என்று பொருள். ஒரு ஆசிரியர் அப்படி வந்ததைப் பார்த்து மாணவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால் சரியான விடை என்று அவர் குறித்து வைத்திருந்ததே தப்பு.

பதில் 5: கடைசி பெஞ்ச்

இங்கே ஆசிரியர்கள்தான் பேசுகிறார்கள் என்று தெரியும். ஆனாலும் கறுப்புக் கட்டத்துக்கு உள்ளே இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கேமராவை அணைப்பது எப்போதும் அலட்சியம் இல்லை சார். டேட்டா ஒரு காரணம். வீட்டில் பின்னால் யார் நடக்கிறார்கள் என்பது இன்னொன்று. அப்புறம் ஒரு மணி நேரம் என் முகத்தை நானே பார்த்துக்கொண்டிருப்பது பெரிய தொல்லை. இதை ஸ்டான்ஃபோர்டில் ஜெரமி பெய்லன்சன் என்பவர் 2021-ல் எழுதியிருக்கிறார். நெருக்கத்தில் இத்தனை முகங்கள் முறைப்பது, தன் முகத்தைத் தானே பார்ப்பது, நகர முடியாமல் உட்கார்ந்திருப்பது, சைகைகளைப் புரிந்துகொள்ளக் கூடுதலாக மெனக்கெடுவது என்று நான்கு காரணம் சொல்கிறார். தன் முகத்தை மட்டும் மறைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது என்று எங்களுக்கு ஒரு முறை காட்டினாலே நாலு கேமரா கூடுதலாக எரியும்.

வீடியோவோடு ஒலியை மட்டும் தனிக் கோப்பாகப் போடுங்கள். 64 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரம் 29 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஸ்லைடுகளை வைத்துக்கொண்டு கேட்டால் பாடத்தில் பெரும்பகுதி வந்துவிடும். தானாக வரும் வசன வரிகளை ஒரு முறையாவது படித்துத் திருத்துங்கள். போன வாரம் எங்களுக்கு "நிகழ்தகவு" என்பது "நிகழ்ந்த கதவு" என்று வந்தது. வகுப்பில் பாதிப் பேர் கதவு என்றுதான் இப்போது சொல்கிறோம்.

இன்னொன்று. அரட்டைப் பெட்டியில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி "புரியவில்லை" என்று போட எனக்குத் தைரியம் கிடையாது. ஆசிரியருக்கு மட்டும் போகிற மாதிரி மாற்றிவிட்டால் போடுவேன்.

பதில் 6: ஊசல்குண்டு

தம்பி சொன்ன கடைசி வரியை நான் இன்றே செய்யப்போகிறேன்.

சார், உங்கள் மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. கண்டுபிடிக்கும் மென்பொருள் வேண்டாம் என்பது என் கருத்து. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒன்றை வெளியிட்டது. துல்லியம் போதவில்லை என்று அதே ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ எழுதியவை என்று அவை சொல்லின. எளிய சொற்களில் எழுதுகிற பிள்ளையைத் திருடன் என்று பட்டம் கட்டும் கருவி நமக்கு எதற்கு?

ஒப்படைப்பை மாற்றலாம். "பி-மதிப்பு 0.03 என்பதால், வித்தியாசம் எதுவும் இல்லை என்ற கருதுகோள் உண்மையாக இருக்க 3 சதவீத வாய்ப்பே உள்ளது" என்று முடியும் ஒரு வழவழப்பான பத்தியை நீங்களே கொடுங்கள். பி-மதிப்பு அந்தக் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவது, அது உண்மையாக இருக்கும் வாய்ப்பு இல்லை. எங்கே தப்பு, ஏன் தப்பு என்று எழுதச் சொல்லுங்கள். ஏஐ-யிடம் கேட்டாலும் பரவாயில்லை, ஆனால் தான் உருட்டிய பகடை எண்களை வைத்து விளக்க வேண்டும், அதோடு இரண்டு நிமிடக் குரல் பதிவும் தர வேண்டும் என்று வையுங்கள். 64 பதிவையும் கேட்க முடியாதுதான். நான் வாரம் பத்தைக் குலுக்கிப் போட்டு எடுக்கிறேன்.

பதில் 7: புள்ளிவாத்தியார்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நான்கு செயலிகளையும் மூட்டை கட்டிவிட்டேன். வாக்கெடுப்பு, ஸ்லைடுக் கோப்பு, படிவம், மூடில், இவ்வளவுதான். எல்லா லிங்கும் மூடிலில் ஒரே பக்கத்தில், ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில்.

அந்தத் திட்டப்பிழைக் கேள்வியைப் போன செவ்வாய் கேட்டேன். வந்திருந்தவர்கள் 57 பேர். முதல் வாக்கில் 31 பேர் "நான்கில் ஒன்று", 19 பேர் "பாதி". முடிவைக் காட்டாமல் அறைக்கு அனுப்பினேன். ஸ்லைடுகள் ஒன்பதாவது நொடியில் எல்லாம் நிரம்பிவிடவில்லை. முதல் ஒரு நிமிடம் எதுவுமே வரவில்லை, வயிற்றைக் கலக்கிவிட்டது. அப்புறம் 4-ம் ஸ்லைடின் மூன்றாவது வரியில் ஒரு குழு இப்படி எழுதியது: "சூத்திரத்தில் வர்க்கமூலம் இருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார். ஏன் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை." மூன்று வகுப்பாக நான் சொல்லாமல் விட்டது அதைத்தான். சூத்திரத்தைச் சொன்னேன், ஏன் என்பதைச் சொல்லவில்லை. மாறுபாடுகளைத்தான் கூட்டலாம், திட்டவிலக்கங்களைக் கூட்ட முடியாது என்று அன்றைக்கு அங்கேயே எழுதிக் காட்டினேன். அதனால் ஊசல்குண்டு மேடம் சொன்ன வரிசை கொஞ்சம் கலைந்துவிட்டது. மறுவாக்கில் 44 பேர் "பாதி".

பகடையில் கீழ் அச்சை 1 முதல் 6 வரை நிறுத்த வேண்டும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. ஒரு பிள்ளை சராசரி 35 என்று படிவத்தில் போட்டுவிட்டது, புள்ளியை மறந்துவிட்டதாம். மொத்தப் படமும் ஓரமாகப் போய் ஒட்டிக்கொண்டது. படிவத்திலேயே 1 முதல் 6 வரைதான் ஏற்கும்படி கட்டுப்பாடு வைக்கலாம் என்று அப்புறம் கண்டுபிடித்தேன். ஆனால் அந்தக் குளறுபடியை வைத்தே புறம்பான மதிப்புகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினோம். அடுத்த முறையும் கட்டுப்பாடு வைக்காமல் விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

கறார் பேர்வழி சொன்னதும் உண்மைதான், 28 நிமிடம் போனது. ஒரு தலைப்பை வீடியோவுக்குத் தள்ளினேன். ஏழு நிமிட வீடியோ, முன்னால் ஒரு கேள்வி. எத்தனை பேர் கடைசிவரை பார்த்தார்கள் என்று இன்னும் பார்க்கவில்லை.

அரட்டையை எனக்கு மட்டும் வரும்படி மாற்றியிருந்தேன். வகுப்பு முடியப்போகும் நேரத்தில், இந்த செமஸ்டரில் ஒரு முறைகூடப் பேசாத பெயரிலிருந்து ஒரு வரி வந்தது: "சார், 160 பகடை உருட்டினால் இன்னும் பாதியாகுமா?"

பதில் சொல்லவில்லை. படிவத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்த்து லிங்கை அனுப்பினேன்.